மேன்ஹோல் மூடியில் ஆரம்பிக்கிறது பந்தயம்

கேள்வி: "சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி நடந்ததே, அதுபோல ஊருக்கு நடுவில் இருக்கிற ரோட்டில் கார் பந்தயம் நடத்த என்னென்ன வேலை செய்ய வேண்டும்? ரோட்டை மூடிவிட்டு ஓட்டினால் போதாதா? நம்ம ஊருக்கு ஃபார்முலா 1 வருமா?"

போதாது. ரோட்டை மூடுவதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. வரிசையாக பேரிகார்டு, டிராஃபிக் போலீஸ், முந்தின நாள் பேப்பரில் மாற்றுப்பாதை அறிவிப்பு, முடிந்தது. கட்சி ஊர்வலத்துக்கே அதையெல்லாம் செய்கிறோம். கஷ்டம் ரோட்டுக்கு அடியில் இருக்கிறது.

இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் சில வருஷம் மார்ஷலாக, அதாவது பாதை ஓரம் நின்று ஓட்டுநர்களுக்குக் கொடி காட்டும் ஆளாக, நின்றவன் நான். அங்கே தாருக்கு அடியில் ஜல்லி, ஜல்லிக்கு அடியில் மண், அவ்வளவுதான். மவுண்ட் ரோட்டுக்கு (அண்ணா சாலைதான்) அடியில் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், கரண்ட் கேபிள், டெலிபோன் கேபிள், இப்போது மெட்ரோ ரயில் என்று இன்னொரு ஊரே குடியிருக்கிறது. அந்த ஊருக்கு இறங்குகிற வாசல்தான் மேன்ஹோல். அந்த வாசல் கதவைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

2023 நவம்பரில் லாஸ் வேகாஸில் என்ன நடந்தது என்று பாருங்கள். அமெரிக்காவின் பணக்கார ரோடு. பந்தயத்தை நடத்தியது வேறு யாருமில்லை, ஃபார்முலா 1 நிறுவனமே. பிட் கட்டடம் (பந்தயத்தின் நடுவே கார்களுக்கு டயர் மாற்றி, பழுது பார்க்கும் இடம்) கட்ட நிலம் வாங்கியதற்கு மட்டும் 24 கோடி டாலர். வியாழன் இரவு முதல் பயிற்சி ஓட்டம். எட்டே நிமிஷம். கார்லோஸ் சைன்ஸ் ஓட்டிய ஃபெராரி ஒரு தண்ணீர் வால்வு மூடி மேல் ஏறியது. அடிப்பாகம் கிழிந்து, இருக்கை வரை சேதம். ஓட்டத்தை அத்தோடு நிறுத்தினார்கள். பாதை முழுக்க மூடிகளைச் சோதித்து, சந்தேகப்பட்டதையெல்லாம் நிரப்பி அடைத்துவிட்டு, இரண்டாவது பயிற்சியை ஆரம்பிக்கும்போது அதிகாலை 2.30 மணி. அதற்குள் பார்வையாளர்களை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. டிக்கெட் வாங்கியவர்கள் பார்த்தது மொத்தம் எட்டு நிமிஷம். இதில் கொடுமை, பேட்டரி உடைந்து மாற்றியதற்காக சைன்ஸுக்கு விதிப்படி புறப்படும் வரிசையில் பத்து இடம் பின்னால் தள்ளித் தண்டனை வேறு. அடி வாங்கியவனுக்கே அபராதம்!

உடைந்தது மூடிகூட இல்லை. மூடியைச் சுற்றி உட்கார்ந்திருந்த கான்கிரீட் சட்டம். லாரி மேலே ஏறினால் தாங்கும்படி கட்டிய சட்டம்தான் அது. ஆனால் லாரி மூடியைக் கீழே அழுத்தும். பந்தயக் கார் மேலே இழுக்கும்.

ஃபார்முலா 1 காரின் அடித்தளம் தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில்தான் போகிறது. அந்த இடுக்கில் காற்று வேகமெடுத்து அழுத்தம் குறைகிறது. கார் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. கார் தரையை நோக்கி இழுபடும்போது, தரையில் இருக்கிற எதுவும் காரை நோக்கி இழுபடும். ஒரு மனக்கணக்கு போடலாம். முழு வேகத்தில் அடித்தளம் மட்டும் ஆயிரம் கிலோ அளவுக்கு இழுக்கிறது, அதன் பரப்பு நாலு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 250 கிலோ. இரண்டடி விட்டமுள்ள மூடிக்குப் பரப்பு கால் சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். ஆக, மூடியை மேலே தூக்கும் விசை எழுபது கிலோ. ஒரு வார்ப்பிரும்பு மூடியைக் கிளப்ப அது கிட்டத்தட்டப் போதும். மணிக்கு 300 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு மூடியைக் கடக்க எடுக்கும் நேரம் நொடியில் பதினைந்தில் ஒரு பங்குதான் என்பதால் பெரும்பாலும் தப்பிக்கிறோம். ஒரு கார் போனால் மூடி ஒரு துளி அசைகிறது. இருபது கார் மாற்றி மாற்றிப் போனால் சட்டத்தில் விரிசல் விழுகிறது. இருபத்தோராவது முறை மூடி வெளியே வருகிறது.

இது லாஸ் வேகாஸுக்கு மட்டும் வந்த வினை இல்லை. 2010 மொனாக்கோவில் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ மேட்டில் ஏறும்போது வில்லியம்ஸ் கார் கட்டுப்பாடு இழந்து தடுப்பில் மோதியதற்கும் கழன்ற வடிகால் மூடிதான் காரணம். 2019-ல் அஜர்பைஜானின் பாக்கூ இன்னும் வேடிக்கை. ஜார்ஜ் ரஸ்ஸலின் காரை மூடி பிளந்தது. சரி என்று காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். லாரியின் கிரேன் கை வழியில் ஒரு பாலத்தின் அடியில் மோதி, உடைந்த குழாயிலிருந்து ஆயில் கொட்டியது. எங்கே? ரஸ்ஸலின் கார் மேலேயே.

அதனால் நகரப் பந்தயத்தின் முதல் வேலை ஒரு கணக்கெடுப்பு. பாதை நெடுக எத்தனை மூடி, எது யாருடையது, எது கார்கள் போகும் கோட்டில் வருகிறது என்று எழுத வேண்டும். எழுதியபின் ஒவ்வொன்றையும் வெல்டிங் வைத்து ஒட்டுவதோ, மேலே தார் போட்டு மூடுவதோ, சட்டத்தையே பெயர்த்துப் புதிதாக வைப்பதோ நடக்கும். ஒரு மூடி குடிநீர் வாரியத்துடையது, அடுத்தது மாநகராட்சியுடையது, அதற்கடுத்தது ஏதோ ஒரு கேபிள் கம்பெனியுடையது. எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். பந்தயம் முடிந்ததும் வெல்டிங்கை வெட்டித் திரும்ப ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழையில் அடைப்பு எடுக்க வருபவர் உளியோடு நிற்பார்.

அடியில் இருப்பதைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். 2008-ல் சிங்கப்பூரின் முதல் பந்தயத்தில் மார்க் வெப்பரின் கியர்பாக்ஸ் திடீரென்று செத்தது. ரோட்டுக்கு அடியில் ஓடும் ரயில் பாதையிலிருந்து வந்த மின்சாரம் கியர்பாக்ஸைக் குழப்பிவிட்டது என்று ரெட் புல் அணி விளக்கம் சொன்னது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் யாரும் இப்படி ஒரு காரணம் சொல்ல முடியாது.

மூடி முடிந்தால் மேல்பரப்பு. சாதாரண ரோடு நடுவில் உப்பி ஓரத்தில் சரிந்திருக்கும், மழைத்தண்ணீர் ஓடுவதற்காக. அதுவே பந்தயக் காருக்கு வளைவில் காலை வாரிவிடும். பாலத்தின் இரும்பு இணைப்பு, பைக்கில் போகும்போது 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும் இடம், தரையை உரசிப் போகிற காரை ஒரு கணம் காற்றில் தூக்கும். ஜீப்ரா கோடு, அம்புக்குறி, லேன் கோடு எல்லாம் மழை நனைந்தால் சோப்பு மாதிரி. வேகத்தடையைச் சொல்லவே வேண்டாம். ஆகவே சுரண்டி எடுத்துப் புதிதாகத் தார் போடுகிறார்கள். அதையும் கடைசி நேரத்தில் போட்டால் ஆபத்து. 1984 ஜூலையில் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஃபார்முலா 1 நடந்தது. கொளுத்தும் டெக்சஸ் வெயில். டயர் பட்ட இடமெல்லாம் தார் பெயர்ந்து ஜல்லியாக உதிர்ந்தது. பந்தயக் காலை வரை ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். நைஜல் மான்செல் நின்றுபோன காரை முடிவுக் கோட்டை நோக்கித் தள்ளிக்கொண்டு போய் மயங்கி விழுந்தார். ஜெயித்த கேகே ரோஸ்பெர்க், ஹெல்மெட்டுக்குள் குளிர்ந்த நீர் ஓடும் குல்லா போட்டிருந்தார். டாலஸுக்கு ஃபார்முலா 1 மறுபடி போகவே இல்லை.

அடுத்தது ஓரம். டிராக்கில் தப்பு செய்தால் மண்ணில் போய் நிற்கலாம். நகரத்தில் தப்பு செய்தால் சுவர்தான். பாதையின் இரண்டு பக்கமும் பல டன் எடையுள்ள கான்கிரீட் கட்டைகளை வரிசையாக வைத்து, அதன்மேல் ஆள் உயரத்துக்கு மேல் கம்பிவலை கட்டுகிறார்கள். நேராக மோத வாய்ப்புள்ள திருப்பங்களில் முன்னால் டயர் அடுக்கோ, நுரை நிரப்பிய மெத்தைத் தடுப்போ வரும். கட்டைகளை வரிசைப்படுத்துவதில்தான் நுணுக்கம். ஒன்றின் முனை அடுத்ததைவிட ஒரு விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போதும், சுவரை உரசிக்கொண்டு வரும் கார் கொக்கியில் மாட்டியதுபோல நின்றுவிடும். இரவு போக்குவரத்து ஓய்ந்தபின் கிரேன் வைத்து இறக்கி, பகலில் பஸ் போக இடைவெளி விட்டு, கடைசி இரண்டு நாளில் அந்த இடைவெளிகளை மூடுவார்கள். மொனாக்கோ இதில் பழம் தின்று கொட்டை போட்ட ஊர். 1929-லிருந்து நடத்துகிறார்கள். பகலில் கார் ஓடிய அதே ரோட்டைச் சாயந்தரம் ஊர்க்காரர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். பால் வண்டியும் போகும்.

தடுப்பை ஏனோதானோ என்று கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 1975 ஏப்ரல் போதும். பார்சிலோனாவின் மொன்ஜூயிக் மலைப்பூங்கா ரோடுகளில் ஸ்பெயின் கிராண்ட் ப்ரீ. ஓட்டுநர்கள் நடந்து போய்ப் பார்த்தால் இரும்புத் தகடுத் தடுப்பில் பல இடங்களில் போல்ட் முறுக்கவே இல்லை. ஓட்ட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் அணிகளின் மெக்கானிக்குகளே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் ஊர் ரோட்டின் போல்ட்டை முறுக்கினார்கள். நடப்பு உலகச் சாம்பியன் எமர்சன் ஃபிட்டிபால்டி அப்படியும் திருப்தியாகாமல், பேருக்கு மெதுவாகச் சுற்றிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். பந்தயத்தில், முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த ரோல்ஃப் ஸ்டொம்மெலனின் காரில் பின்னிறகு உடைந்து, கார் தடுப்பைத் தாண்டிப் பறந்து ஆட்கள் மேல் விழுந்தது. உயிர்கள் போயின. இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டும்: உடைந்தது இறகு, போல்ட் இல்லை. ஆனாலும் அந்த மலைக்கு ஃபார்முலா 1 திரும்பவில்லை.

தடுப்புக்கு நடுவே வழியும் வேண்டும். நின்றுபோன காரை எடுக்கக் கிரேன் எங்கே நிற்கும், ஆம்புலன்ஸ் எந்த இடைவெளி வழியே நுழையும் என்று வரைபடம் போடுவார்கள். எல்லா இடத்திலும் கிரேன் நிறுத்த முடியாது. பக்கத்தில் கட்டடமோ பாலமோ இருக்கும். இந்த ஓட்டையை ஒரு அணியே பயன்படுத்திக்கொண்ட கதை உண்டு. 2008 சிங்கப்பூர், 14-வது சுற்று. ரெனோ அணியின் நெல்சன் பிக்கே ஜூனியர் 17-வது திருப்பத்தில் சுவரில் மோதினார். விபத்து நடந்தால் எல்லாக் கார்களையும் தன் பின்னால் மெதுவாக வர வைக்கும் சேஃப்டி கார் வந்தது. அதே அணியின் ஃபெர்னாண்டோ அலோன்சோ அதற்குச் சற்று முன்புதான் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு போயிருந்தார்; மற்றவர்கள் இனிமேல்தான் நிரப்ப வேண்டும் என்பதால் முன்னுக்கு வந்து ஜெயித்தார். அடுத்த வருஷம் அணியிலிருந்து நீக்கப்பட்ட பிக்கே வாயைத் திறந்தார்: வேண்டுமென்றே மோதச் சொன்னார்கள். ஏன் குறிப்பாக 17-வது திருப்பம்? அங்கே கிரேன் இல்லை, காரை இழுத்துப்போகப் பக்கவழியும் இல்லை; மோதினால் சேஃப்டி கார் வந்தே ஆக வேண்டும். மார்ஷல்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய வரைபடத்தை எதிர்த்திசையில் படித்திருக்கிறார்கள்! அணித் தலைவர் ஃப்ளாவியோ பிரியட்டோரே, தலைமைப் பொறியாளர் பாட் சைமண்ட்ஸ் இருவரின் பதவியும் போனது.

சிங்கப்பூரில் அதற்குப் பிறகும் 2023 வரை நடந்த ஒவ்வொரு பந்தயத்திலும் சேஃப்டி கார் வந்தது. வராத முதல் வருஷம் 2024. நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் அந்தக் கணக்கில் உண்டு. 2012-ல் பார்வையாளர் மாடத்தை ஒட்டிய 18-வது திருப்பத்தில் சுவரில் மோதினார். சேஃப்டி கார் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து, அன்றைய பந்தயம் முழுச் சுற்றுகளும் முடியாமல் இரண்டு மணி நேர வரம்பில் நிறுத்தப்பட்டது.

இரவில் நடத்தினால் வெளிச்சம் தனிக் கதை. சிங்கப்பூர் இரவு 8 மணிக்கு ஆரம்பிப்பது வெயிலுக்குப் பயந்து மட்டுமல்ல. அப்போது ஐரோப்பாவில் பிற்பகல் 2 மணி, டிவி பார்க்கத் தோதான நேரம். அணிக்காரர்கள் கடிகாரத்தையே மாற்றுவதில்லை, மத்தியானம் எழுந்து இட்லிக்குப் பதில் ஆம்லெட் சாப்பிட்டு, விடியற்காலை தூங்கப் போகிறார்கள். ரோட்டு விளக்கு இதற்கு உதவாது: ஒரு விளக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருட்டுப் பட்டை விழும், 300 கிலோமீட்டரில் அது கண்ணில் படபடவென்று அடிக்கும். அதனால் பாதை நெடுக எஃகுத் தூண் நட்டு, 1,500-க்கும் மேற்பட்ட விளக்குகளைத் தொங்கவிட்டார்கள். தரையில் விழும் வெளிச்சம் சுமார் 3,000 லக்ஸ். வழக்கமான தெருவிளக்கைப்போல நூறு மடங்கு. நிழல் விழக்கூடாது, ஓட்டுநர் கண்ணில் கூசக்கூடாது, மழை பெய்தால் ஈரத்தரையில் பளிச்சிடக்கூடாது, கேமராவுக்கு முன்னும் பின்னும் ஒரே நிறம் தெரிய வேண்டும். ஜெனரேட்டர்கள் இரட்டை இரட்டையாக ஓடும். ஒன்று படுத்தால் மற்றது சுமக்கும். 2023-ல் எல்லாவற்றையும் எல்.இ.டி.க்கு மாற்றினார்கள்.

சென்னைக்கு வருவோம். தீவுத்திடல், கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று 3.5 கிலோமீட்டர், 19 திருப்பம். முதலில் குறித்த நாள் 2023 டிசம்பர் 9, 10. மிக்ஜாம் புயல் வந்து ஊரே தண்ணீரில் நின்றபோது பந்தயம் பற்றிப் பேசவே கூசியது, தள்ளிவைத்தார்கள். வழக்குகள் போனது. அரசுப் பணம் செலவிடலாமா, பக்கத்தில் மருத்துவமனை இருக்கிறதே, சத்தம் என்ன ஆகும் என்று உயர் நீதிமன்றத்தில் கேள்விகள். கடைசியில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் நடந்தது. முதல் நாள் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் பாதுகாப்புச் சான்று குறித்த நேரத்தில் வராமல், நீதிமன்றத்தில் கூடுதல் நேரம் வாங்கி, கார்கள் வெளியே வரவே இரவாகிவிட்டது. பார்வையாளர்கள் பாப்கார்னைத் தின்று முடித்துக் காலி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாய் ஒன்று தடத்துக்குள் ஓடியதையும் பார்த்திருப்பீர்கள். நாய் விஷயத்தில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2016-ல் சிங்கப்பூரில் உடும்பு ஒன்று ஹாயாக ரோட்டைக் கடந்தது.

சான்று தாமதத்தைப் பலர் கேலி செய்தார்கள். பாதி நியாயம். நிரந்தர டிராக் என்றால் ஒருமுறை சோதித்து உரிமம் கொடுத்தால் சில வருஷம் ஓடும். ரோட்டில் போட்ட பாதையைக் கடைசிக் கட்டையை வைத்து, கடைசி வலையைக் கட்டி, போக்குவரத்தை முழுக்க நிறுத்திய பிறகுதான் சோதிக்க முடியும். அதாவது டிக்கெட் விற்று, ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு. இந்த வரிசை லாஸ் வேகாஸிலும் அதேதான். ஆனால் அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கலாம். மழை பெய்யும், மூடி கழலும், ஏதாவது ஒன்று நடக்கும் என்று தெரிந்தும் சில மணி நேரம் மட்டும் வைத்தது அட்டவணை போட்டவர்கள் தப்பு.

பணம். சிங்கப்பூர் 2017-ல் அறிவித்த ஒப்பந்தத்தில் ஆண்டுக்குச் சுமார் 13.5 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவு என்று கணக்கிட்டார்கள், அதில் 60 சதவீதம் அரசு. ஈடாக, பந்தய நாட்களில் ஓட்டல் அறைகளுக்குத் தனி வரி போட்டு ஒரு பகுதியை வசூலிக்கிறார்கள். ஊரே அந்த வாரம் நிரம்புவதால் கட்டுப்படியாகிறது என்பது அவர்கள் கணக்கு. இந்தப் பந்தயத்தைக் கொண்டுவருவதில் முன்னின்ற அமைச்சர் எஸ். ஈஸ்வரன், பந்தய டிக்கெட் உள்ளிட்ட பரிசுகள் பெற்ற வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2024 அக்டோபரில் 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றதும் இதே கதையின் ஒரு பக்கம்தான். ஸ்பெயினின் வலென்சியா துறைமுகத்தில் 2008-ல் ஆரம்பித்த பந்தயம் ஐந்தே வருஷத்தில் நின்றுபோனது; கடன் மட்டும் நின்றது. ஹைதராபாத்தில் உசேன் சாகர் ஓரமாக 2023 பிப்ரவரியில் ஃபார்முலா இ என்கிற மின்சாரக் கார் பந்தயம் நன்றாகவே நடந்தது. ஆட்சி மாறியது, அடுத்த வருஷப் பந்தயம் ரத்து. ரோட்டுப் பந்தயத்துக்கு முதலாளி எப்போதும் அரசுதான், அதனால் தேர்தலும் ஒரு திருப்பம்.

அப்படியானால் ஃபார்முலா 1 மவுண்ட் ரோட்டுக்கு வருமா? இப்போதைக்கு வராது. நாம் பார்த்தது ஃபார்முலா 4-ம் இந்தியன் ரேசிங் லீகும். அந்தக் கார்களின் எடை, வேகம், இழுவிசை எல்லாமே குறைவு. ஃபார்முலா 1-க்கு முதல் தர உரிமம் வேண்டும்: தடுப்பு, வலை, ஓடுபாதை அகலம் எல்லாம் வேறு கணக்கு. எல்லா அணிகளுக்கும் போதுமான பிட் கட்டடம் வேண்டும். சிங்கப்பூர் மரீனாவில் முதல் பந்தயத்துக்கே அதை நிரந்தரமாகக் கட்டிவிட்டார்கள். தீவுத்திடலில் பொருட்காட்சி போடவும் இடம் வேண்டுமே. எல்லாவற்றுக்கும் மேல் ஆண்டுக்கு ஆண்டு உரிமக் கட்டணம். நொய்டாவில் அவ்வளவு பெரிய டிராக் இருந்தும் 2011-லிருந்து மூன்றே வருஷம்தான் தாக்குப்பிடித்தது.

அதுவரை கார் பார்க்க ஆசை இருந்தால், சோழவரம் விமான ஓடுதளத்தில் ஆரம்பித்து 1990-லிருந்து இருங்காட்டுக்கோட்டையில் தொடரும் பந்தயங்களுக்கு ஒருநாள் வாருங்கள். சென்னையிலிருந்து பெங்களூர் ஹைவேயில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னாலேயே வரும். தொப்பியும் காதுக்குப் பஞ்சும் கொண்டு வந்துவிடுங்கள், வெயிலும் சத்தமும் அதிகம்.